வலி தீர்த்த வரலாறு – 17
கடித்துக் காட்டிய சாட்சியம்

இலவங்க எண்ணெயைச் சென்ற வாரத்தோடு முடித்துக்கொண்டு, கஞ்சாச் செடியின் சத்துக்கள் பல் வைத்தியத்துக்கு எவ்வளவு உதவும் என்ற விசாரணையில் இறங்கினோம். இவ்வாரம் ஈறு நோய்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆயினும் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்துச் சான் அந்தோனியோ நகரில் நடந்து, 2024ஆம் ஆண்டு பல் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் அச்சேறிய ஒரு பரீட்சையின் விவரத்தைப் படித்தபின், பல்வலியை முதலில் பேசாமல் ஈறுக்குப் போக மனம் இடம் தரவில்லை.

பல்லின் நடுவேயுள்ள பற்கூழ், சொத்தையினால் அழற்சி கொள்ளும்போது, வீங்குவதற்கு இடமின்றிச் சுற்றியுள்ள கடினமான சுவருக்குள் நெரிபடுவதால் உண்டாகும் வேதனைக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் இபுப்ரொபேன் போன்ற மாத்திரைகள், வயிற்றுப்புண்ணும் சிறுநீரக வியாதியும் உள்ளவர்களுக்கு ஆகா. அபின் வர்க்கத்து மருந்துகளோ, வலியைத் தீர்க்கும்போதே அடிமைத்தனத்துக்கும் வழி திறந்துவிடுகின்றன. ஆகவே மூன்றாவதாக ஒரு மருந்தைத் தேடுவது வீண் வேலையன்று.

சான் அந்தோனியோ ஆராய்ச்சியாளர்கள், கடும் பல்வலியோடு வந்த 61 பேரை மூன்று பிரிவாக்கி, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 20 மில்லிகிராம் என்ற இரண்டு அளவுகளில் கஞ்சாச் செடியிலுள்ள கன்னாபிடையால் என்னும் போதையூட்டாத சத்தை இரு பிரிவினருக்கும், சத்தில்லாத போலி மருந்தை மற்றொரு பிரிவினருக்கும் ஒரே ஒரு வேளை கொடுத்து, மூன்று மணி நேரம் கவனித்தார்கள். அதிக அளவு உண்டவர்களுக்குக் கால் மணியிலும், குறைந்த அளவு உண்டவர்களுக்கு அரை மணியிலும் நோவு தணியத் தொடங்கிற்று. மூன்றாம் மணி முடிவில் அது அதிகபட்சமாக நூற்றுக்கு 73 பங்கு வரை குறைந்திருந்தது. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி ஆகியவை சிலருக்கு நேர்ந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை.

என்னை ஆட்கொண்டது இந்தக் கணக்கன்று. அவர்கள் நோயாளிகளின் கடிக்கும் பலத்தையும் அளந்தார்கள் என்பதே. வலி எவ்வளவு என்று கேட்டால், துன்பப்படுகிறவன் தன் மனநிலைக்கும் வைத்தியர்மேல் வைத்த நம்பிக்கைக்கும் ஏற்ப ஓர் எண்ணைச் சொல்லக்கூடும்; ஆனால், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கும் க்ஷணத்தையே அஞ்சி, வாயை அரைகுறையாக மூடிக்கொண்டு வந்தவன், அந்தப் பல்லாலேயே ஒரு கருவியை முன்னைவிட அழுத்திக் கடித்தான் என்றால், அது நாவினால் சொல்லும் சாட்சியத்திலும் உறுதியானது. மருந்துண்ட இரு பிரிவினருக்கும் அந்தப் பலம் ஏறியிருந்தது. போலி மருந்து உண்டவர்களிடம் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. பல்வலிக்காரனுக்கு வேண்டியது மறுபடி உண்ண முடிவதல்லவா? அதையே நேராக அளக்க நினைத்த புத்தியை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கடிக்கும் பலம் தாடையினுடையது; தாடை என்றதும் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் கற்பித்த ஓஷாக்னஸியைக் கூறாமல் விடமுடியாது. 1839இல் அவர் எழுதிய கட்டுரையில், தனுர்வாதத்தால் தாடை பூட்டிக்கொண்டவர்களுக்குக் கஞ்சாப் பிசினைச் சாராயத்தில் கரைத்துக் கொடுத்து, இறுக்கம் தளர்ந்ததையும் சிலர் பிழைத்ததையும் பதிந்திருக்கிறார். மனிதருக்குக் கொடுக்குமுன் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர், நாய், பூனை, கழுகு முதலிய மாமிச பக்ஷணிகள் போதை கொள்வதையும், குதிரையும் ஆடும் பசுவும் ஏறக்குறைய ஒன்றும் ஆகாமல் நிற்பதையும் கண்டு வியந்தார். தாடைத் தசையைத் தளர்த்தும் அந்தக் குணத்தை நம் காலத்தில் போலந்து நாட்டார் மீண்டும் சோதித்திருக்கிறார்கள்: 2019இல் வெளியான அவர்கள் ஆராய்ச்சியில், தாடைவலிக்காரர்கள் 60 பேரில் ஒரு பகுதியினர் கன்னாபிடையால் கலந்த களிம்பை மெல்லும் தசையின்மேல் 14 நாள் பூச, அவர்கள் நோவு நூற்றுக்கு 70 பங்கு குறைந்தது.

இதைக் கொண்டு கஞ்சாவே பல்லுக்கு மருந்து என்று எவரும் துணியலாகாது. போதை தரும் சத்தாகிய டெட்ராஹைட்ரோகன்னாபினாலை, கடைசிக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கும்போது இரத்தநாளத்தின் வழியாக 10 பேருக்குச் செலுத்திப் பார்த்த 1977ஆம் ஆண்டுப் பரீட்சையில், அது வலி தீர்க்கத் தவறிற்று. சான் அந்தோனியோவில் கொடுத்ததோ, வலிப்பு நோய்க்கென 2018இல் அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்த சுத்த ஔஷதம். புகைக்கும் இலைக்கும் அதற்கும் சம்பந்தம் வெகு தூரம். அந்தப் புகை ஈறுகளை என்ன செய்கிறது என்பதை, நியூஸிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைக் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து பரிசோதித்து வந்தவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அதை அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.