யவன வீரனுக்குக் கண் எழுதப் போய்...

எங்கள் வீட்டுக் கொலுவில் ஏழு படி. தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை, மரப்பாச்சி என்று எல்லாம் மாமியார் காலத்திலிருந்து சேர்ந்தவை. கீழே தரையில் வைக்கிற 'பார்க்' மட்டும் பிள்ளைகள் இஷ்டம். போன வருஷம் நவராத்திரிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, எட்டாவது படிக்கும் என் சின்னவன் வந்து நின்றான்.

"எம்மா, இந்த வருஷம் பார்க்குக்குப் பதிலா கொற்கைத் துறைமுகம் வைப்போமா? கப்பல், முத்து, வாசல்ல காவலுக்கு யவன வீரனுங்க..."

"யவனனா? அது யாருல?"

பத்தாங் கிளாஸோடு படிப்பு நின்றுபோன எனக்கு, அவன்தான் பாடம் நடத்தினான். நம் தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில்தான் அந்தக் காலத்துப் பாண்டியர்களின் கொற்கைத் துறைமுகம் இருந்ததாம். முத்துக்குப் பேர்போன ஊர். முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதி வைத்த கடல்வழிக் குறிப்பிலேயே அதன் பெயர் வருகிறது. பின்னால் ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் விலகிப்போக, இன்று கொற்கை கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமம். 1968-69ல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டிப் பார்த்திருக்கிறது.

கிரேக்கம், ரோமாபுரி என்று மேற்கேயிருந்து வந்தவர்களைத்தான் நம் முன்னோர் யவனர் என்றார்கள். மதுரைக் கோட்டை வாசலில் யவனர் வாளோடு காவல் நின்றதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. முல்லைப்பாட்டிலோ அவர்கள் சட்டை போட்டு, இடுப்பில் சாட்டையைச் சுற்றிக்கொண்டு, பார்க்கவே பயமாக அரசனின் பாசறையில் நிற்கிறார்களாம்!

கேட்கக் கேட்க எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் பொம்மைக் கடைகளில் போலீஸ்காரர் உண்டு, பட்டாளத்துக்காரர் உண்டு. ரோமாபுரி வீரர் ஏது? "நாமே செஞ்சா என்ன?" என்றான் பையன். அப்போதுதான் காருகுறிச்சி ஞாபகம் வந்தது. என்னவருக்கு அந்த ஊர் என்றால் அருணாசலத்தின் நாகஸ்வரம்தான். எனக்கோ மண்பானை. என் அக்காவைக் கொடுத்திருப்பதும் அங்கேதான். மாமியாருக்குத் துணையாகப் பெரியவளை வைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை நானும் அவனும் தென்காசி பாசஞ்சரில் ஏறினோம்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்பாண்டக்காரர் வீடு. அந்த வீட்டம்மா சிரித்துக்கொண்டே ஒரு கூடை மண் தந்தார். குளத்து மண்ணைக் கல், வேர் இல்லாமல் சலித்து, காலால் மிதித்துப் பதப்படுத்தியது. "உள்ள காத்து நின்னா சூளையில வெடிச்சிரும் தம்பி, நல்லாப் பிசையணும்" என்று சொல்லிக் கொடுத்தார். பையன் விரல் உயரத்துக்குப் பன்னிரண்டு வீரர்கள் செய்தான். உடம்பு, தலைக்கவசம், வளைந்த நீள்சதுரக் கேடயம் எல்லாம் தனித்தனியே. ஒட்டுகிற இடத்தைக் கீறி, கரைத்த களிமண்ணைத் தடவி ஒட்டினோம்.

சாயங்காலம் ஆற்றில் குளியல். மறுநாள் விடிந்ததும் வாய்க்கால் கரையோரம் ஒரு நடை. கார் நெல் பச்சை பிடித்து நின்றது. எத்தனை வருஷமாயிற்று, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்து! அடுப்பு இல்லை, கடிகாரம் இல்லை. அந்த ஒன்றரை நாளில் எனக்குத் தலைவலியும் வரவில்லை. 'ஊர்க் காற்று' என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அத்தான், சூளையில் சுட்ட பொம்மைகளைக் கொண்டுவந்தார். இரண்டு வெடித்துவிட்டன, பத்து தேறின. உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு தரம் வெள்ளை பூசி, காய்ந்ததும் வண்ணம் தீட்டினோம். மேல் போர்வைக்குச் சிவப்பு, கவசத்துக்கு வெள்ளி நிறம், வார்ச்செருப்புக்குப் பழுப்பு.

கண்ணைக் கடைசியில் எழுதுவதுதான் வழக்கம். "நீதான் எழுதணும்மா" என்று மெல்லிய பிரஷ்ஷை என் கையில் தந்தான். பொம்மையைப் பக்கத்தில் கொண்டுவந்தேன். முகமே கலங்கியது. கையை நீட்டிப் பிடித்தால் தெரிந்தது. ஆனால் எழுத எட்டவில்லை. ஒரு வழியாக வைத்த கண், கன்னத்தில் போய் உட்கார்ந்தது.

"எம்மா, ஒனக்குக் கண்ணு தெரியலியா?"

"வெளிச்சம் பத்தலைல" என்று எரிந்து விழுந்தேன். உண்மை அதுவல்ல. ஒரு வருஷமாகவே ஊசியில் நூல் கோக்க மகளைத்தான் கூப்பிடுகிறேன். சாயங்காலமானால் தலைவலி, தைலம் தேய்த்துக்கொள்வேன். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முந்தின மாதம் மாமியார் தலைசுற்றி உட்கார்ந்தது மனசில் வந்தது. வெயில் என்று சொல்லி எலுமிச்சம் சாறு கொடுத்திருந்தோம். எழுந்து போய் மாத்திரை டப்பாவைத் திறந்து, டார்ச் அடித்து எண்ணினேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை இருக்க வேண்டியதைவிடக் குறைவு. சர்க்கரை மாத்திரை அதிகம். இரண்டு அட்டையும் பார்வைக்கு ஒரே மாதிரி. எழுத்தைப் படிக்காமல், குத்துமதிப்பாகப் பிய்த்துக் கொடுத்திருக்கிறேன்! அடிவயிறு கலங்கிவிட்டது.

காலையில் அழுதுகொண்டே சொன்னேன். அத்தை கோபிக்கவில்லை. "நானும் ஒன் வயசுல எழுத்துத் தெரியலன்னு ஒளிச்சவதான். ஒளிச்சு என்னத்துக்குத் தாயி? போய்க் காட்டிட்டு வா" என்றார்கள். அவர்களையும் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்லவேளை, பாதகம் ஒன்றும் இல்லை.

எனக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், நாற்பது வயசுவாக்கில் வளைந்துகொடுக்கும் தன்மையை இழக்கிறது. அதனால் கிட்டத்தில் இருப்பது கலங்குகிறது. எல்லாருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெடும் என்பது வீண் பயம் என்றார் கண் டாக்டர். கண்ணின் உள் அழுத்தத்தையும் பார்த்தார். அது கூடினால் வலியே இல்லாமல் பார்வையைத் தின்றுவிடுமாம். நாற்பது தாண்டியவர்கள் இந்தச் சோதனையை விடக்கூடாது.

கண்ணாடி வந்ததும் மீதி ஒன்பது வீரருக்கும் கண் எழுதினேன். தென்னம்பாளைக் கப்பலோடு கொற்கை களைகட்டியது. கன்னத்தில் கண் உள்ளவனை அழித்து எழுதலாம் என்றேன், பையன் விடவில்லை. கோட்டை வாசலில் அவனே முதல் ஆள்! மிஞ்சிய வண்ணத்தில் ஆச்சியின் மாத்திரை டப்பாக்களில் பிள்ளை சூரியனும் சந்திரனும் வரைந்தான். இப்போது காலை மாத்திரை சூரிய டப்பாவில், ராத்திரி மாத்திரை சந்திர டப்பாவில்.

நீங்களும் செய்து பார்க்க ஆசையா, சகோதரிகளே? சில குறிப்புகள்:

* பச்சை மண் பொம்மையை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.

* தண்ணீரில் கரைகிற வண்ணமே குழந்தைகளுக்கு நல்லது. பரணில் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பா வேண்டாம். அதில் ஈயம் இருக்கலாம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது.

* பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்க விடாதீர்கள். அமெரிக்காவில் கடிகார முகப்புக்கு ரேடியம் தீட்டிய பெண்கள் 1920களில் அப்படிச் செய்துதான் நோய்ப்பட்டு, பலர் உயிரையே விட்டார்கள்.

* நுணுக்க வேலையின்போது அடிக்கடி நிமிர்ந்து தூரத்தைப் பாருங்கள்.

* அப்படியும் பொம்மையின் கண் கன்னத்துக்குப் போகிறதா? பிரஷ்ஷை வைத்துவிட்டு, முதலில் உங்கள் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள்!