கிலுகிலுப்பைக்கு முன்னால் ஒரு முகம்

2015-இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. துண்டு, கொசுவலை, சோப்பு, தாய்க்கு லேகியம் என்று 16 பொருட்கள். அவற்றில் ஒரு கிலுகிலுப்பையும் உண்டு. கொசுவலையைப் போல விளையாட்டும் முதல் நாளிலிருந்தே தேவை என்று ஓர் அரசாங்கத்துக்குத் தோன்றியது நல்ல விஷயம். ஆனால் பிறந்த குழந்தை கிலுகிலுப்பையை இறுகப் பிடிப்பது வெறும் அனிச்சைச் செயல். தானாக ஆட்டி, சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கச் சில மாதங்கள் ஆகும். பாண்டி பஜாரில் பேட்டரி பொம்மை வாங்கிவந்து தொட்டிலில் மாட்டும் தாத்தாக்களே, அவசரமில்லை. இப்போதைக்கு உங்கள் முகம் போதும்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. மயிலாப்பூர் வீடுகளில் குளிப்பாட்ட வரும் பாட்டி, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, குனிந்து பேசிக்கொண்டே எண்ணெய் தேய்ப்பார். குனியும்போது முகம் தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும். (மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.) முதல் மாதத்தில் குழந்தை அதிகம் பார்ப்பது முகத்தின் ஓரத்தை, நெற்றியில் முடி தொடங்கும் இடத்தை. இரண்டாம் மாத வாக்கில்தான் கண்ணுக்கு வரும். "என் மூஞ்சியைப் பார்க்கவே மாட்டேங்குது" என்று இருபதாம் நாளே வாடிப்போகும் அப்பாக்களுக்கு இது ஆறுதல்.

காது இன்னும் கெட்டி. வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகிய காது அது. 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து, அதை டேப் ரெக்கார்டரோடு இணைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதிரி இடைவெளி விட்டுச் சப்பினால் சொந்த அம்மாவின் குரல் வரும், வேறு மாதிரி சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். பெரும்பாலான குழந்தைகள் அம்மாவின் குரல் வரும்படி சப்புவதை மாற்றிக்கொண்டன.

சரி, விளையாட்டு எப்படி? பால் குடித்து, ஏப்பம் விட்டு, அழாமல் கண்ணை விரித்துக்கொண்டு கிடக்கும் சில நிமிடங்கள் உண்டல்லவா, அதுதான் நேரம். பக்கத்தில் போய், "என்னடா கண்ணு, குளிச்சாச்சா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் நமக்குக் கஷ்டம். நாலு பேர் சுற்றி நின்று ஒரே சமயத்தில் 'ங்கா' சொல்கிற குடும்பங்கள் நம்முடையவை. மனசுக்குள் பத்து எண்ணுங்கள். கால் உதைக்கும், உதட்டைக் குவிக்கும், சில சமயம் ஆடிக்கொண்டிருந்த கை நின்றுவிடும். உங்களுக்குக் கிடைத்த பதில் அது. அதற்கு நீங்கள் மறுபடி ஏதாவது சொல்கிறீர்கள். பேச்சுக்கு முறை வைத்துக்கொள்வதைக் குழந்தை இங்கேதான் கற்கத் தொடங்குகிறது. நாம் நாக்கை நீட்டினால் குழந்தையும் நீட்டும் என்று 1977-இல் ஓர் ஆய்வு வந்தது, பின்னால் வந்தவர்கள் அதை மறுத்தார்கள். நீட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கொட்டாவி விட்டாலோ, விரல்களை விறைப்பாக விரித்தாலோ, ஆட்டம் முடிந்தது. மறுபடி திருப்பிப் பிடிக்காதீர்கள்.

விழித்திருக்கும்போது அப்பாவின் மார்பில் குப்புறப் படுக்க வைப்பதும் விளையாட்டுத்தான், கழுத்து உறுதிப்படும். தவழத் தொடங்காத குழந்தைக்கு இப்படி நாளொன்றுக்குச் சிறுகச் சிறுக 30 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. முதலில் ஓரிரு நிமிடம் போதும். தூங்கும்போது மட்டும் மல்லாந்துதான். தூக்கிப்போட்டுப் பிடிப்பதும் குலுக்குவதும் கூடவே கூடாது.

நம் பிள்ளைத்தமிழ் நூல்கள் மூன்றாம் மாதம் காப்புப் பருவத்தில் தொடங்கும். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்றாகப் பத்துப் பருவங்கள். ஐந்தில் தலை தூக்கி ஆடும் செங்கீரை, ஒன்பதில் கைதட்டும் சப்பாணி. குழந்தை மருத்துவரிடம் உள்ள வளர்ச்சிப் பட்டியலில் கைதட்டல் எந்த மாதம் என்று கேட்டுப் பாருங்கள், ஏறத்தாழ அதேதான்.

செல்போன் வேண்டாம். இரண்டு வயதுவரை திரையே கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2021 அறிவுரை. எப்போதாவது உறவினரோடு பேசும் வீடியோ காலுக்கு விலக்கு உண்டு, நியூ ஜெர்சிப் பாட்டிகள் பயப்பட வேண்டாம்.

பேசி விளையாடுவதெல்லாம் காது கேட்டால்தான். அடையாறில் பால வித்யாலயா என்று ஒரு பள்ளி இருக்கிறது, 1969-இல் தொடங்கியது. காது கேளாத குழந்தைகளைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே சேர்த்துக்கொண்டு, காதுக் கருவி மாட்டி, கேட்கவும் பேசவும் பழக்குகிறார்கள். கூடவே பெற்றோருக்கும் பயிற்சி, ஏனென்றால் நாள் முழுக்கக் குழந்தையோடு பேசப்போவது அவர்கள்தான். சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் தொடங்கலாம். ஒரு மாதத்துக்குள் கேட்புச் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. உங்கள் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டில் கேட்புச் சோதனை முடிவு எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கேளுங்கள்.