பழைய நாற்சக்கர இயக்க வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

நாற்சக்கர இயக்க வண்டி என்பது எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லக்கூடிய வண்டியாகும். பேச்சு வழக்கில் இது 'ஃபோர் வீல்' எனப்படும். மலைப்பகுதிகளில் எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் 'ஜீப்'தான். தோட்டப் பாதை, சேறு, ஆற்று மணல் ஆகியவற்றுக்காக இதை வாங்குவோர் பலர் அதே வண்டியில்தான் வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்கின்றனர். இவ்விரு தேவைக்கும் ஒரே பழைய வண்டியை வாங்குவோர் அதன் குறைகளை இரு வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. டயர், கிளட்ச், இருக்கை, எஞ்சின் ஆகியவை பணம் செலவழித்தால் சரியாகும். அரித்துப்போன சேஸும் குறையுள்ள ஆவணங்களும் எளிதில் சரியாகா. இவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

இயங்கும் முறை

இந்தியாவில் கிடைக்கும் இவ்வகைப் பழைய வண்டிகள் பலவற்றில் தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இணைக்கும் அமைப்பு உள்ளது. 2எச் நிலையில் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும். 4எச் நிலையில் நான்கும் இயங்கும். 4எல் நிலையில் வேகம் குறைந்து இழுவிசை பெருகும்.

வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளுகின்றன. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டை ஈடுசெய்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் பற்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும். எனவே அன்றாடச் சாலையில் 2எச் நிலையே போதும். நான்கு டயர்களும் ஒரே அளவில் இருப்பதும் இதனால்தான் முக்கியம்.

வண்டிகள்

மாருதி ஜிப்சி 1985 முதல் விற்கப்பட்ட பெட்ரோல் வண்டி. எடை குறைவு, பழுது பார்ப்பது எளிது. ஆனால் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் இருப்பதால் குலுக்கல் அதிகம், காற்றுப்பை இல்லை.

மகிந்திரா தார் 2010இல் வந்தது. அந்தத் தலைமுறையில் பின்னிருக்கைகள் பக்கவாட்டில் அமைந்தவை. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அன்றாடப் பயணத்தில் ஏற்றவையல்ல. 2020இல் வந்த புதிய தார் குளோபல் என்காப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. 2023 முதல் இதில் இருசக்கர இயக்க வகையும் விற்கப்படுகிறது. எனவே பெயரை மட்டும் பார்க்காமல், ஃபோர் வீல் லிவர் உள்ளதா என்று உறுதி செய்ய வேண்டும்.

ஐந்து கதவு மாருதி ஜிம்னி 2023இல் வந்தது. நால்வர் மட்டும் உள்ள குடும்பத்துக்கு நகரத்திலும் இது வசதியானது.

அடிப்பகுதிச் சோதனை

வண்டியைத் தூக்கி நிறுத்தி சேஸ் முழுவதையும் சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். கணீரென்ற ஒலி வந்தால் இரும்பு நன்றாக உள்ளது. மந்தமான ஒலி வந்தாலோ செதிலாக உதிர்ந்தாலோ உள்ளே அரித்துள்ளது. ஸ்பிரிங் பொருந்தும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். கடலோரத்தில் ஓடிய வண்டிகளில் துரு விரைவில் ஏறும். அடியில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பின் கிரவுன், முன் கிரவுன், கியர் பெட்டி ஆகியவற்றின் எண்ணெயைச் சிறிது எடுத்துப் பார்க்கலாம். அது பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது என்று பொருள்.

ஓட்டிப் பார்த்தல்

விற்பவர் பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் ஓட்டிக் காட்டுவார். மண்தரைக்குக் கொண்டுபோய் ஃபோர் வீலைப் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4எல் போட வேண்டும். லிவர் சிக்காமல் விழ வேண்டும். மேட்டில் ஏறும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது. பிறகு 2எச் நிலைக்கு மாற்றி, நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கி.மீ. வரை ஓட்டி, ஸ்டீயரிங் நடுக்கத்தையும் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் வண்டி ஓடப்போவது இந்தச் சாலையில்தான்.

ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். கடன் பதிவு இருந்தால் படிவம் 35 மூலம் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 தேவை. வெளிமாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்று பெற்று, இங்கு சாலை வரியும் கட்ட வேண்டும். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகளுக்கு இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்குப் பிறகே 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும். மாற்றப்பட்ட எஞ்சின், கூரை போன்றவை ஆர்.சி.யில் பதிவாகாமல் இருந்தால் புதுப்பிக்கும்போது சிக்கல் வரும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீட்டுக்கும் தடையாகலாம். பெயர் மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும்.