பட்டப்பகலில் காணாமல் போகும் பாதை!

சித்திரை மாதம். உச்சி வெய்யில். சென்னை அண்ணா சாலையில் வாகனங்கள் சாரை சாரையாகப் போகின்றன.

ஒரு வாலிபர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். முதுகிலே பெரிய பெட்டி. அதற்குள் சூடான சாப்பாடு. ஹேண்டில்பாரில் ஒரு செல்போன். அதன் திரையில் வழி காட்டும் படம்.

இடது பக்கம் திரும்ப வேண்டுமா, வலது பக்கம் திரும்ப வேண்டுமா? வாலிபர் திரையைப் பார்க்கிறார். படத்தைக் காணோம்! அவருடைய வெள்ளைச் சட்டைதான் அதிலே தெரிகிறது!

குனிந்து பார்க்கிறார். ஒரு கையால் மறைத்துப் பார்க்கிறார். அதற்குள் திரும்ப வேண்டிய தெரு பின்னால் போய்விட்டது. முன்னால் போன பஸ் திடீரென்று நிற்கிறது. வாலிபர் பிரேக்கை அழுத்துகிறார். கிரீச்! ஒரு முழ இடைவெளியில் வண்டி நிற்கிறது.

போன் மணி அடிக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுக்கிறார்.

"சாப்பாடு என்னப்பா ஆச்சு? எங்கே இருக்கே?" என்று ஒரு வயதான அம்மாளின் குரல்.

"பக்கத்துலதான் இருக்கேன்மா. சந்து தெரியாம தாண்டி வந்துட்டேன். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்மா."

இது ஒரு வாலிபரின் கதை மட்டும் அல்ல. சாப்பாடு கொண்டு போகிறவர்கள், பார்சல் கொண்டு போகிறவர்கள், முன்பின் தெரியாத ஊருக்கு ஸ்கூட்டரில் போகிறவர்கள் எல்லோரும் படும் பாடு இது. வெய்யில் ஏற ஏறத் திரை மங்குகிறது. திரை மங்க மங்கக் கண் சாலையை விட்டு விலகுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வினாடி, 22 மீட்டர்!

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் போய்விடும். திரையை உற்றுப் பார்க்க இரண்டு வினாடி ஆனால் 22 மீட்டர். அது இரண்டு பஸ்களின் நீளம்! அவ்வளவு தூரமும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2020-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. வண்டி ஓட்டும்போது செல்போனை வழி பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் சிதறக்கூடாது என்று விதி சொல்கிறது.

கடைசி இரண்டு அடியில் தகராறு!

வழி காட்டும் செய்தி எங்கிருந்து வருகிறது, தெரியுமா? வானத்திலிருந்து! அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. முதல் கோள் 1978-ம் ஆண்டு ஏவப்பட்டது. குறைந்தது நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் போதும். நீங்கள் நிற்கும் இடத்தைச் செல்போன் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிச் செய்தி ஒழுங்காக வந்து சேருகிறது. திரையிலிருந்து கண்ணுக்கு வரும் கடைசி இரண்டு அடியில்தான் தகராறு!

திரை கண்ணாடி ஆகிறது

காரணம் என்ன? செல்போன் திரையின் மேல் கண்ணாடி இருக்கிறது. எந்தக் கண்ணாடியும் தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். நேராகப் பார்க்கும்போது நூற்றில் 4 பங்கு திரும்புகிறது. 4 பங்குதானே என்று நினைக்கலாம். வெய்யிலில் அந்த 4 பங்கே பெரும் பங்கு!

ஒரு பொருள் எவ்வளவு பளிச்சிடுகிறது என்பதை 'நிட்' என்ற அளவால் சொல்வார்கள். சாதாரணச் செல்போன் திரை சுமார் 500 நிட் பளிச்சிடும். வெய்யில் நேராக விழும் வெள்ளைச் சட்டையோ சுமார் 25,000 நிட்! அதில் நூற்றுக்கு 4 பங்கு என்றால் 1,000 நிட். திரையில் உள்ள படம் 500. திரையில் தெரியும் சட்டை 1,000. யார் ஜெயிப்பார்கள்? சட்டைதான்!

அதே வெய்யிலில் கறுப்புச் சட்டை போட்டிருந்தால், திரையில் அது சுமார் 60 நிட்தான். அப்போது படம் ஜெயிக்கிறது.

டீக்கடையில் கிடைத்த பாடம்

நம் வாலிபர் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்கு வந்தார். அங்கே அதே வேலை பார்க்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். வாலிபர் தம் கஷ்டத்தைச் சொன்னார்.

"என்ன அண்ணே செய்யறது? வெளிச்சத்தை முழுசா வச்சும் தெரியலையே!"

பெரியவர் சிரித்தார். "வெய்யிலோட சண்டை போட்டு ஜெயிக்க முடியுமா தம்பி? போனை அணைச்சுட்டு உன் சீட்டுல உட்காரு. திரையில என்ன தெரியுதுன்னு சொல்லு."

வாலிபர் வண்டியில் உட்கார்ந்து பார்த்தார். "என் சட்டை தெரியுது அண்ணே."

"அதுதான் உன் எதிரி!"

எவ்வளவு எளிய சோதனை! அணைந்த திரையில் எது தெரிகிறதோ, அதுதான் கண் கூசச் செய்கிறது. திரை மல்லாந்து படுத்திருந்தால் வானம் தெரியும். கொஞ்சம் நிமிர்த்தினால் உங்கள் முகமும் ஹெல்மெட்டும் தெரியும். இன்னும் நிமிர்த்தினால் சட்டை தெரியும். ஹோல்டரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். இருட்டான பொருள் ஏதாவது தெரியும் இடத்தில் நிறுத்தித் திருகாணியை முடுக்கிவிடுங்கள். காசு செலவில்லை!

சட்டையின் முன்பக்கம் கருநீலமாகவோ காப்பிக் கலராகவோ இருந்தால் நல்லது. முதுகுப் பக்கம் பளிச்சென்று இருக்கட்டும். பின்னால் வருகிறவர்களுக்கு உங்களைத் தெரிய வேண்டும் அல்லவா?

போனுக்கும் ஒரு சன்ஷேடு

வீட்டு ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு வைக்கிறோம். போனுக்கும் அப்படி ஒன்று வைக்கலாம். கடைகளில் ஹோல்டரோடு சேர்த்தே விற்கிறார்கள். வீட்டிலும் செய்துகொள்ளலாம். பளபளப்பு இல்லாத கறுப்பு அட்டையோ, ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் கறுப்பு ஃபோம் ஷீட்டோ போதும். மேல்புறமும் இரு பக்கமும் மறையும்படி மடித்து ஹோல்டரில் இறுக்கிக் கட்ட வேண்டும்.

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள், எதிலும் இடிக்கக்கூடாது. வேக மீட்டரை மறைக்கக்கூடாது. காற்றில் பறந்து முகத்தில் அடிக்கக்கூடாது.

மழைக்காகப் பலர் போனை பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கிறார்கள். மழை நின்ற பிறகும் அதை எடுப்பதில்லை. இது தவறு. உறைக்கும் திரைக்கும் நடுவே காற்று இருக்கிறது. அதனால் உறையின் மேல்பக்கம் ஒரு கண்ணாடி, அடிப்பக்கம் ஒரு கண்ணாடி, திரை ஒரு கண்ணாடி என்று மூன்று ஆகிவிடுகிறது. கூச்சமும் ஏறக்குறைய மூன்று மடங்கு! வெய்யில் நாளில் உறையைக் கழற்றிவிடுங்கள்.

எண்ணெய்க் கை பட்ட திரையும் கூசும். தூசி படிந்த திரையும் கூசும். மெல்லிய துணியால் தினமும் துடைக்க வேண்டும். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடிக்கும் இதே வைத்தியம்தான்.

வெளிச்சத்தைக் கூட்டினால் போதாதா?

கூட்டத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. திரை முழு வெளிச்சத்தில் எரிந்தால் போன் சூடாகும். வெய்யிலும் சேர்ந்தால் சூடு இன்னும் ஏறும். சூடு அளவு மீறினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெளிச்சம் எப்போது வேண்டுமோ, அப்போதுதான் அது கைவிடும்!

சன்ஷேடு போட்டால் கூச்சமும் குறைகிறது, சூடும் குறைகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

படத்தின் நிறத்தையும் கவனியுங்கள். கறுப்புப் பின்னணி இரவுக்கு ஏற்றது. பகலில் வெள்ளைப் பின்னணியை வைத்துக்கொள்ள வேண்டும்.

கூச்சத்தைப் போக்கிய பெண் விஞ்ஞானி

கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாமல் தடுக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு. அவர் பெயர் கேதரின் பிளாட்ஜெட். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர். 1938-ம் ஆண்டு கண்ணாடியின் மேல் மிக மிக மெல்லிய 44 அடுக்குகளைப் பூசினார். ஒவ்வொரு அடுக்கும் ஒரே ஒரு மூலக்கூறு கனம்தான்! பூச்சின் மேல்பக்கத்தில் திரும்பும் வெளிச்சமும் அடிப்பக்கத்தில் திரும்பும் வெளிச்சமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. கூச்சம் மறைந்தது!

அந்தப் பூச்சு கை பட்டால் அழிந்துவிடும். இன்றைய பூச்சுகள் கெட்டியானவை. காமிரா லென்சிலும் மூக்குக் கண்ணாடியிலும் அவை இருக்கின்றன. செல்போனில் ஒட்டும் 'ஆன்டி ரிஃப்ளெக்டிவ்' ஸ்கிரீன் கார்டிலும் இதே தந்திரம்தான்.

'மேட்' கார்டு வேறு. அது வெளிச்சத்தை அழிப்பதில்லை, சிதறடிக்கிறது. அதனால் சட்டையின் உருவம் தெரியாது. ஆனால் வெய்யில் நேரே பட்டால் திரை முழுவதும் வெளுத்துப் போகும். மேட் கார்டு ஒட்டினால் சன்ஷேடும் அவசியம்.

கூலிங் கிளாஸ் செய்யும் மாயம்

சிலர் கூலிங் கிளாஸ் போட்டதும் திரை முழுவதும் கறுத்துவிடும். "போன் கெட்டுவிட்டது!" என்று பயந்துவிடுவார்கள். போன் கெடவில்லை. அது 'போலராய்டு' வகைக் கண்ணாடியாக இருக்கும்.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு குச்சியை நிமிர்த்திப் பிடித்தால் வெளியே போகும். குறுக்கே பிடித்தால் போகாது. அதுபோல, இந்தக் கண்ணாடி ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே விடும். பல செல்போன் திரைகளிலிருந்து வரும் ஒளியும் ஒரே திசையில் அதிர்கிறது. இரண்டும் குறுக்கே அமைந்தால் திரை இருட்டாகிவிடும்! போனைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தால் பெரும்பாலும் படம் திரும்ப வந்துவிடும். கண்ணாடி வாங்கும் முன்பே, கடையிலேயே அதைப் போட்டுக்கொண்டு போன் திரையைப் பார்த்துவிடுவது நல்லது.

பார்க்காமல் போவதே மேல்!

இத்தனையும் செய்த பிறகும் ஒன்றை மறக்கக்கூடாது. திரை தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக அதையே பார்த்துக்கொண்டு போகக்கூடாது. கிளம்பும் முன் முழு வழியையும் ஒரு முறை பார்த்து மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போன் வாயால் வழி சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ஒரு நிமிஷம் தாமதம் ஆகலாம். உயிருக்கு ஆபத்து இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டி ஓட்டும் பிள்ளைக்கோ கணவருக்கோ அடிக்கடி போன் செய்யாதீர்கள். திரையில் உங்கள் பெயர் வந்து நிற்கும்போது வழிப் படம் மறைந்துவிடும்!

மறுநாள். அதே அண்ணா சாலை. அதே வெய்யில். வாலிபரின் போன் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. அதன் மேல் கறுப்பு அட்டையில் ஒரு சின்னக் கூரை. கழுத்திலிருந்து மார்பு வரை ஒரு கருநீலத் துண்டு. அதன் நுனி காற்றில் பறக்காமல் சட்டைக்குள் செருகியிருக்கிறது.

பாதை தெரிகிறது! சந்து தெரிகிறது!

கதவைத் திறந்த அந்த அம்மாள், "அட! இன்னைக்குச் சாப்பாடு ஆறாம வந்திருக்கே!" என்றார்.

"வழி தெரிஞ்சுதும்மா" என்றார் வாலிபர்.

சூரியன் மாறவில்லை. போனும் மாறவில்லை. திரை இரண்டு விரல்கடை நிமிர்ந்தது. அவ்வளவுதான்!