அக்கி நோய்: காலந் தாழ்த்தலாகாது

விலாப்புறத்தில் சுள்ளென்று ஒரு வலி, தொட்டாலே எரிச்சல். காண்டா வாளி சுமந்ததால் வந்த பிடிப்பென்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு மரம் வெட்டச் சென்றுவிடுகின்றோம். சில நாள்களில் அதே இடத்தில் தோல் சிவந்து, நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாய் எழும்புகின்றன. இதுவே அக்கி. மலாய்க்காரர் இதனைக் காயாப் என்பர். சீனர் பாம்பு என்பர்.

கொப்புளங்கள் இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் உயிர் போய்விடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வாறு நேர்வதில்லை. இளமையில் நமக்கு வந்த சின்னம்மையின் கிருமி, நோய் தீர்ந்த பின்னும் முதுகுத் தண்டையொட்டிய நரம்புகளில் உறங்கிக் கிடக்கின்றது. முதுமையாலோ வேறு நோய்களாலோ உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போது விழித்தெழுந்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகின்றது. அந்நரம்பு உடலின் ஒரு பக்கத்திற்கே உரியதாதலின், அக்கியும் பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகின்றது.

செங்காவியால் அக்கி எழுதும் வழக்கம் நம் முன்னோர் வழி வந்தது. கொப்புளங்கள் 2 முதல் 4 வாரங்களில் தாமாகவே உலர்ந்துவிடும். எழுதியதால் ஆறியதென்று நம்பியதில் வியப்பில்லை. ஆனால் தோல் ஆறினும் நரம்பு ஆறாதிருக்கலாம். சட்டை உரசினாலும் தாங்கவொண்ணாத வலி சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றது. முதியோருக்கே இத்தொல்லை மிகுதி.

ஆகவே கொப்புளம் கண்ட 72 மணி நேரத்திற்குள் கிளினிக்கிற்குச் செல்லவேண்டும். கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையை அதற்குள் தொடங்கினால் நோயின் கடுமை தணியும். பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, 7 நாள்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார். எனவே பிறருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கலாகாது. ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தயங்குவது இயல்பே. வலி தங்கிவிட்டாலோ பல நாள் சம்பளம் போகும். 72 மணி நேரம் கடந்துவிட்டாலும் மருத்துவரைக் காணாதிருக்க வேண்டாம்.

நெற்றியிலோ, இமையிலோ, மூக்கு நுனியிலோ கொப்புளம் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு விரைக. கண் பார்வையே பறிபோகக்கூடும்.

கொப்புளத்தைக் கிள்ளாமல், தூய்மையாக வைத்து, மெல்லிய துணியால் மூடிக்கொள்க. அதன் நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை தொற்றும். கைக்குழந்தைகளிடமும் கருவுற்ற தாய்மாரிடமும், கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை நெருங்காதிருத்தல் வேண்டும்.

50 வயதைக் கடந்தோருக்குத் தடுப்பூசியும் உண்டு. 2 முதல் 6 மாத இடைவெளியில் இரு முறை போடப்படும். விலை குறைவன்று. முன்பு அக்கி கண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஓரிரு நாள் கைவலியும் காய்ச்சலும் இருக்கக்கூடுமாதலால், ஓய்வு நாளுக்கு முந்திய நாளில் போட்டுக்கொள்ளுதல் நலம்.