மஞ்சள் விளக்கு எரிந்தால்...

வெலிமடை, குருத்தலாவைப் பக்கத்து வீட்டு வாசல்களில் மாருதி 800 அல்லது அல்ட்டோ நிற்பது நமக்குப் பழகிய காட்சி. 1983 டிசம்பரில் இந்தியாவில் வெளிவந்த மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. நம் மலைப்பாதைகளில் அது இன்னும் நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த அல்ட்டோவின் சிறிய இஞ்சினும் அதைப்போல 796 சி.சி., மூன்று சிலிண்டர்தான். 2020 மார்ச்சில் தடைப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. ஆனால் விலையைக் கேட்டால் நடுத்தரக் குடும்பம் பழைய காரையே பேணிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே வாசகர்களே, காரில் இஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தால் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். (காபுரேட்டர் காலத்துப் பழைய மாருதிக்கு இந்தக் கவலையே இல்லை.) இஞ்சினைக் கவனிக்கும் சிறு கணினி, ஏதோ ஓர் அளவு பிசகியதும் ஓர் இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கைப் போடுகிறது. 1996 முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமான பொது இலக்கங்களே பிற நாடுகளுக்கும் பரவின.

இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. அந்த இலக்கம் வலிக்கும் இடத்தைச் சொல்லுமே தவிர, எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி0301 என்றால் முதலாம் சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை. நுவரெலியா ஏற்றத்தில் கார் உதறுவது இதனால் இருக்கலாம். உடனே கொயில் வாங்க ஓடாதீர்கள். முதலாம் சிலிண்டரின் பிளக்கை இரண்டாவதில் மாற்றிப் போடச் சொல்லுங்கள். இலக்கம் பி0302 ஆக மாறினால் குற்றம் பிளக்கில். மாறாவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும். செலவு அரைமணி நேரம்.

பி0113 வந்தால், உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சரின் இணைப்பைப் பாருங்கள். எயார் பில்டர் துப்புரவு செய்தவர் அதை மாட்ட மறந்திருக்கலாம்! பி0171 என்றால் பெற்றோலுக்குக் காற்று அதிகம். வெடித்த ரப்பர் குழாயா, அடைபட்ட பெற்றோல் பில்டரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தாமதிக்காதீர்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள விலையுயர்ந்த கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். ஓரமாக நிறுத்துவதே இலாபம். கராஜில் 'ஸ்கேன்' செய்தால் இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். அழித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அழிப்பது என்றதும் இன்னொன்று. குறையைத் திருத்தாமல் இலக்கத்தை மட்டும் அழித்துவிட்டுக் காரை விற்பவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். இதுவும் அந்த ஈரத் தானியமே.

வாங்குகிறவர் இப்படிப் பார்க்கலாம். சாவியைத் திருப்பியதும், இஞ்சினை இயக்குமுன், மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். இயக்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்ப் கழற்றப்பட்டிருக்கலாம். புதிய மாதிரிகளில், கணினி தன் சுயசோதனைகளை முடித்திருக்கிறதா என்பதையும் ஸ்கேனர் காட்டும். பல சோதனைகள் முடியாமல் கிடந்தால், இலக்கம் அண்மையில் அழிக்கப்பட்டதா, பற்றரி கழற்றப்பட்டதா என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். சில நாள் ஓடிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்து பார்க்கச் சம்மதித்தால் மட்டும் முற்பணம் கொடுங்கள்.