வெள்ளாற்றுக் கழியும் கரையோரக் கிணறுகளும்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் உற்பத்தியாகும் தென் வெள்ளாறு, புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பகுதிகளைக் கடந்து மணமேல்குடிக்கு அருகே பாக் ஜலசந்தியில் சங்கமமாவதை மிராசுதார்கள் அறிவர். ஐப்பசி, கார்த்திகையில் ஆறாகப் பெருகும் இதன் கடைப்பகுதி, கோடையில் கடல்நீர் ஏறியிறங்கும் உப்பங்கழியாகிவிடுகிறது. இக்கடலில் ஏற்றவற்றம் ஒரு கஜத்துக்கும் குறைவே. எனினும் நிலம் சமதளமாதலின் உவர் உள்ளே புகுதல் எளிது.

கண்மாய்கள் நிரம்பிக் கழியில் விழும் உபரிநீர் வீணென்று குறைகூறுவோர் பலர். அக்கருத்து பிழையானது. நன்னீர் இலேசானது, உவர்நீரின்மேல் மிதப்பது. மணற்பாங்கான கரையோரத்தில் கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை உவர் அண்டாது. அவ்வோரடியை இறைத்துத் தீர்த்தாலோ, உவர் காலப்போக்கில் அவ்வளவும் மேலேறும். ஆகவே நீர் குறைந்தவுடன் கிணற்றை ஆழப்படுத்துவதும் இரவுபகலாக மோட்டார் ஓட்டுவதும் உப்பை வலிய அழைப்பதேயாம்.

மீமிசலை அடுத்த முத்துக்குடாவின் அலையாத்தி மரங்களுக்கும் நன்னீர்க் கலப்பு வேண்டும். அஃதற்றால் அவையும் குன்றும். அவற்றின் வேரிடையே வளரும் இறாலும் அருகும்.

கிராம அதிகாரிகள் மழைக்கு முன்னரே வரத்துக்கால்களையும் கலிங்குகளையும் செப்பனிடுவித்தல் நலம். நிலச்சுவான்தார்கள் பங்குனி, சித்திரையில் கிணற்றுநீரைப் பரிசோதனைக்கு அனுப்புக. உப்பு மிகுந்திருப்பின் இறைக்கும் நேரத்தைக் குறைத்து, நெல்லை விடுத்துக் கேழ்வரகு பயிரிடலாம்.